கறுப்புத் திரையும் சொட்டு மருந்தும்

ஜூன் 3, திங்கள்

பழைய கணினியில் இருந்த விண்டோஸை முழுவதுமாக அழித்துவிட்டு இன்று லினக்ஸ் நிறுவினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் தொடங்கியது, காபி நேரத்துக்குள் முடிந்தது. என் மனைவி உலகம்மாள் வேலையிலிருந்து வந்ததும், நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டாள். மெதுவாகிவிட்டது என்றேன். அதுவும் ஒரு காரணம்தான். இன்னொரு காரணம் மவுஸ். அதன் அம்பு திரையில் அடிக்கடி காணாமல் போகிறது. மவுஸை மாற்றிப் பார்த்தேன், புதியதிலும் அதே கோளாறு. லினக்ஸில் மவுஸைத் தொடாமலே வேலை பார்க்கலாம் என்று படித்திருந்தேன். ஒரு கறுப்புத் திரை, அதில் ஒரு வரி. வேண்டியதைக் கட்டளையாக அடித்து என்டர் தட்டினால் போதும்.

இந்தக் குறிப்புகளையும் இனிக் கணினியில்தான் எழுதப்போகிறேன். இப்போதெல்லாம் நோட்டுகளில் கோடுகளை மிக மங்கலாக அச்சடிக்கிறார்கள். போன மாதத்துப் பக்கங்களில் ஒரு வரியின் மேல் இன்னொரு வரி ஏறிக் கிடக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

pwd என்று அடித்தால் எந்த அடைவில், அதாவது எந்த ஃபோல்டரில், இருக்கிறேன் என்று சொல்கிறது. ls, அதற்குள் என்ன இருக்கிறது என்று. cd, வேறு இடத்துக்குப் போக. இன்றைக்கு இவ்வளவுதான். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. பிளம்பர் நாளை வருவதாகச் சொன்னார்.

ஜூன் 7, வெள்ளி

பிளம்பர் வரவில்லை.

என் மொழிபெயர்ப்பு வேலையையும் லினக்ஸுக்கு மாற்றிவிட்டேன். டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்கான கையேடு, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. சென்னையில் உள்ள ஒரு நிறுவனம் கொடுத்தது. ஜூலைக் கடைசிக்குள் வேண்டுமாம். நோயாளியும் வீட்டிலிருப்பவர்களும் படிக்கப்போவது என்பதால் சொற்களை எளிமையாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

கறுப்புத் திரை எனக்குப் பிடித்திருக்கிறது. எழுத்து எப்போதும் ஒரே இடத்தில், இடது ஓரத்தில் வந்து நிற்கிறது. எங்கே என்று தேட வேண்டியதில்லை. எழுத்தின் அளவைக் கூட்டி, கறுப்பில் வெள்ளையாக வைத்துக்கொண்டேன். ஒரே குறை, அதில் தமிழ் சரியாக வருவதில்லை. கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாகப் பிய்ந்து நிற்கின்றன. ஆங்கிலக் கட்டளைகளுக்குக் கறுப்புத் திரை, தமிழ் எழுத வேறு செயலி என்று இப்போதைக்குப் பிரித்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

பியூலாவுக்குப் போன் செய்தேன். கல்லூரியில் என்னோடு படித்தவள். பிறவியிலேயே பார்வை இல்லை. அப்போது பாடங்களை நான் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். ஒருமுறை கேட்டுவிட்டு, பரீட்சையில் என்னைவிட அதிக மார்க் வாங்குவாள். இப்போது மதுரையில் ஒரு வங்கியில் அதிகாரி. கறுப்புத் திரையில் வருவதைக் கணினியே வாசித்துச் சொல்ல வழி இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கே. யாருக்கு?"

"தெரிஞ்ச ஒருத்தருக்கு."

 "அந்தத் தெரிஞ்சவர, மவுஸத் தூக்கி அலமாரில வைக்கச் சொல்லு காந்தி. எதையும் முழுசா அடிக்க வேண்டாம்னும் சொல்லு. ரெண்டு எழுத்து அடிச்சிட்டு டேப் கீயத் தட்டுனா, மிச்சத்த அதுவே போட்டுக்கிடும்," என்றாள்.

வாசிக்கும் செயலியை எப்படி நிறுவுவது என்று விளக்கினாள். தமிழும் வாசிக்குமாம். கேட்க எந்திரம் பேசுகிற மாதிரிதான் இருக்கும், ரெண்டு நாளில் காது பழகிவிடும் என்றாள். சரிபார்ப்பதற்காக என் கணினியில் போட்டுப் பார்த்தேன். பிறகு நீக்கவில்லை. இடத்தை ஒன்றும் அடைக்கவில்லை.

ஜூன் 15, சனி

பிளம்பர் வந்தார். மோட்டார் சரியாகிவிட்டது.

காபி டம்ளரை உலகு மேஜை விளிம்பில் வைத்திருந்தாள். கை பட்டுக் கொட்டிவிட்டது. இந்த வாரத்தில் இரண்டாவது தடவை. விளிம்பில் வைக்காதே என்று சொன்னேன். அவள் துணி கொண்டுவந்து துடைத்தாள். அதற்குப் பிறகு டம்ளரைக் கொண்டுவந்தால் என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகிறாள்.

ஜூன் 21, வெள்ளி

பழைய வரைவுகளை நீக்க நினைத்தேன். அந்தக் கோப்புகள் எல்லாவற்றின் பெயரும் varaivu என்று தொடங்கும். rm என்பது நீக்குவதற்கான கட்டளை. rm varaivu* என்று அடித்தால் அந்தப் பெயரில் தொடங்குபவை மட்டும் போகும். நட்சத்திரக் குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. இடைவெளி விழுந்தால் அந்த நட்சத்திரத்துக்கு 'இங்கே உள்ள எல்லாம்' என்று பொருள். இந்தத் திரை நிச்சயமா என்று திருப்பிக் கேட்பதில்லை. குப்பைத்தொட்டியும் கிடையாது. ls அடித்துப் பார்த்தேன். எதுவும் வரவில்லை.

கையேட்டில் முடித்திருந்த அத்தியாயங்கள் போய்விட்டன. லினக்ஸ் போடும் முன் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த ஆரம்பப் பகுதி மட்டும் இருக்கிறது.

என்டர் தட்டுவதற்கு முன் அந்த வரியைப் படித்தேன். திரைக்குப் பக்கத்தில் போய் மறுபடியும் படித்தேன். ஸ்பேஸ் பட்டை ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். கீபோர்டைத் துடைக்க வேண்டும்.

ஜூன் 22, சனி

பியூலாவிடம் சொன்னேன், ஒட்டிக்கொள்கிற ஸ்பேஸ் பட்டையைப் பற்றியும் கேட்டேன். போனதை மீட்பது கடினம் என்றாள். இனி rm -i என்று அடித்தால் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு நீக்கும், அதைப் பழக்கிக்கொள்ளச் சொன்னாள். 'தெரிஞ்சவர்' என்றேதான் இன்றும் பேசிக்கொண்டோம்.

"வரியப் படிச்சுப் பாக்காம ஏன் என்டர் தட்டுனாரு அவரு?"

"படிச்சுத்தான் பாத்தாரு."

"இடைவெளி இருந்தது தெரியலயா அவருக்கு?"

"தெரியல."

"அப்போ கீபோர்டப் பத்தி என்ட்ட கேக்குறத விட்டுட்டு, அவர முதல்ல கண் டாக்டர்கிட்டப் போகச் சொல்லு," என்றாள். வங்கியில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். மாதத்தின் நான்காம் சனிக்கிழமை. அவளுக்கு விடுமுறை.

ஜூன் 28, வெள்ளி

கண்ணாடி மாற்ற வேண்டும் என்று உலகுவிடம் சொல்லிவிட்டு, ஆட்டோவில் கண் மருத்துவமனைக்குப் போனேன். கூட்டம். கண்ணில் சொட்டு விட்டு உட்காரவைத்தார்கள். பிறகு ஒரு பரிசோதனை. பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நேராகப் பார்க்க வேண்டும். எங்காவது சிறு வெளிச்சம் தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் சில வந்தன, அழுத்தினேன். அதன்பின் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றார் அந்தப் பெண்.

டாக்டர் கிளாக்கோமா என்றார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும், ஓரத்திலிருந்து தொடங்கும், வலி இருக்காது. இதையே ஒரு கையேட்டுக்காக முன்பு நான் மொழிபெயர்த்திருக்கிறேன். நல்ல வாக்கியங்களாக வந்திருந்தன. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அடுத்த தடவை வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். வண்டி ஓட்டுவது பற்றியும் ஏதோ சொன்னார்.

ஜூன் 29, சனி

கண்ணாடி நம்பர் மாறவில்லை என்று உலகுவிடம் சொன்னேன். அது உண்மை.

மருந்தைக் குளிரில் வைக்க வேண்டுமாம். பிரிட்ஜில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஜூலை 4, வியாழன்

காலையில் உலகுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வண்ணார்பேட்டைக்குப் போனேன். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில்தான் அவளுக்கு வேலை. தினமும் நான்தான் கொண்டுபோய் விடுவேன். வழியில் ஒரு மாடு குறுக்கே வந்துவிட்டது. இந்த ஊரில் மாடுகளை இஷ்டத்துக்கு அவிழ்த்து விடுகிறார்கள். வண்டி சரிந்து இருவரும் விழுந்தோம். உலகுவுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கட்டுப் பிரிக்கும்வரை அவளால் வேலைக்குப் போக முடியாது. ஊசி பிடிக்கிற கை.

ஜூலை 5, வெள்ளி

தம்பி சங்கரலிங்கம் கோவில்பட்டியிலிருந்து பார்க்க வந்தான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்து பஸ் ஓட்டுகிறான். ஆப்பிளும் மாதுளையும் வாங்கிவந்தான். திரும்பும்போது எங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பழுது பார்க்கவா என்று கேட்டேன். மதினிதான் எடுத்துட்டுப் போகச் சொன்னாவ என்றான்.

அவன் போன பிறகு உலகு சொன்னாள்: "மாடு குறுக்க வரல. நடு ரோட்டுல நின்னுக்கிட்டேதான் இருந்துச்சு. நான் பாலத்துக்கிட்ட வரும்போதே பாத்துட்டேன். நீங்களும் பாத்திருப்பியன்னு நெனச்சு சும்மா இருந்தேன்."

எதிர்வெயில் கண்ணில் அடித்தது என்று பதில் சொன்னேன். அதற்குள் அவள் அடுக்களைக்குப் போயிருந்தாள்.

ஜூலை 10, புதன்

சமையல் என்னுடையது. சோறு, ரசம், ஏதாவது ஒரு பொரியல். காயை உலகு பார்த்து வாங்குகிறாள், நான் நறுக்குகிறேன். அவள் தலையைப் பின்னிவிடவும் கற்றுக்கொண்டேன். பின்னலுக்குக் கண் அவ்வளவாகத் தேவையில்லை, கைக்கே தெரிகிறது.

கையேட்டில் அழிந்துபோன பகுதியை மறுபடி செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு நாள் முடிவிலும் cp அடித்துப் பென் டிரைவில் ஒரு நகல். செய்ததைச் சரிபார்க்க, அந்தக் குரலை வாசிக்கவிட்டுக் கேட்கிறேன். கறுப்புத் திரையில் பிய்ந்து நிற்கிற அதே தமிழ், வாசிக்கும்போது ஒழுங்காக வருகிறது. எழுத்துப்பிழை இருந்தால் உடனே காதில் இடறுகிறது. grep என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறதோ அந்த வரிகளையெல்லாம் எடுத்துக் கொடுக்கும். 'சிறுநீரகம்' என்ற சொல்லை ஓரிடத்தில் 'கிட்னி' என்று போட்டிருந்தேன், உடனே அகப்பட்டது. பக்கங்களை மேலும் கீழும் தள்ளிக் கண்ணால் தேடியிருந்தால் ஒரு பொழுது போயிருக்கும்.

ஜூலை 13, சனி

மதியம் குரல் வாசித்துக்கொண்டிருந்தபோது உலகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலைக்குப் போகாமல் அவளுக்குப் பொழுது போகவில்லை. 'கிரியேட்டினின்' என்ற சொல்லை அது உடைத்து உடைத்துச் சொன்னதற்குச் சிரித்தாள். பிறகு ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள். ரத்தம் எடுக்கும் முன் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று பொதுவாக எழுதியிருக்கிறேன், டயாலிசிஸ் ஆட்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு மாத்திரையையும் சாப்பிடாமல் வந்துவிடுவார்கள் என்றாள். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்ற விளக்கம் மூலத்தில் இருந்தது. நான் விட்டுவிட்டிருக்கிறேன். சேர்த்தேன்.

ஜூலை 15, திங்கள்

குரலை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். உலகு வந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் எதையோ வைத்தாள். தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. சொட்டு மருந்துப் பாட்டில். குரலை நிறுத்தினேன்.

"பேரப் படிச்சா எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"எந்த டாக்டர்?"

சொன்னேன். மறுபடி எப்போது வரச் சொன்னார் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். வியாழக்கிழமை தானும் வருவதாகச் சொன்னாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள், நெடுநேரம் எழுந்து போகவில்லை. அழுகிறாளா என்று தெரியவில்லை. அவள் உட்கார்ந்திருந்தது என் இடது பக்கம்.

ஜூலை 18, வியாழன்

டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் உலகுதான் கேட்டாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி மட்டும் மீதி இருக்கிறது. போனது திரும்பாது. மருந்தாலும், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையாலும், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டதற்கு அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. இனி வண்டி ஓட்டவே கூடாது என்றார். போன தடவையே சொல்லியிருந்தேனே என்றார். உலகு என் பக்கம் திரும்பினாளா என்று நான் பார்க்கவில்லை.

கடைசியில், கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். இந்த நோய் குடும்பத்தில் ஓடக்கூடியதாம். ஒரு தம்பி இருக்கிறார், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார் என்று உலகு சொன்னாள்.

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிறுத்தினார். "இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்க," என்றார்.

ஜூலை 19, வெள்ளி

சங்கரலிங்கத்துக்குப் பேச வேண்டும். பஸ் எடுத்திருப்பான், சாயங்காலம் பேசிக்கொள்ளலாம்.

ஜூலை 22, திங்கள்

கையேட்டில் உணவுக் கட்டுப்பாடு பற்றிய அத்தியாயம். வாழைப்பழமும் இளநீரும் கூடாது. இந்த ஊர் நோயாளி என்னதான் சாப்பிடுவார் என்று உலகு கேட்டாள்.

தம்பியிடம் பேசியாகிவிட்டதா என்றும் கேட்டாள். அவன் போன் கிடைக்கவில்லை என்றேன். தான் பேசட்டுமா என்றாள். நான் பேசுகிறேன் என்றேன்.

ஜூலை 30, செவ்வாய்

கையேட்டை அனுப்பிவிட்டேன். கடைசி இரண்டு அத்தியாயங்களைத் திரையை அணைத்துவிட்டே செய்தேன். கட்டளையை அடிக்கிறேன், பதிலைக் குரல் சொல்கிறது, அடுத்ததை அடிக்கிறேன். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பதால் வருகிற தலைவலி இல்லை.

பியூலாவிடம் இதைச் சொன்னேன். குரலின் வேகத்தைக் கூட்டி வைக்கச் சொன்னாள். இப்போதுள்ள வேகத்தில் கேட்டால் அவளுக்குத் தூக்கம் வருமாம். 'தெரிஞ்சவர்' என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. உலகு ஒற்றைக் கையால் சர்க்கரைப் பொங்கல் கிண்டினாள். நான் சட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

உலகுவுக்குக் கட்டுப் பிரித்தார்கள். மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை. பயிற்சி செய்தால் சரியாகும் என்கிறார்கள். பரிசோதனை நிலையத்தில் அதுவரை அவளை வரவேற்பு மேஜையில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். இனி பஸ்ஸில் போவாள்.

மதியம் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "அந்த மாட்ட நான் பாத்தேன், நீங்க பாக்கல. ரெண்டு பேரும் சும்மா இருந்தோம். அதனாலதான் இந்தக் கை. ஒங்க தம்பி பஸ்ஸுல புள்ளைய இருக்கு."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் சங்கரலிங்கத்துக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். மதினி கையை விசாரித்தான். வண்டியின் ஹேண்டிலைச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னான். மழை பற்றிக் கொஞ்சம் பேசினோம்.

அதன்பிறகு, கண்ணைப் போய்க் காட்டு என்றேன். எதற்கு என்றான். எனக்குக் கிளாக்கோமா இருக்கிறது, கூடப் பிறந்தவர்களுக்கும் வரலாம் என்று டாக்டர் சொல்கிறார் என்றேன். கையேட்டில் எழுதுவது போன்ற வாக்கியங்களாகத்தான் வந்தது.

அவன் சிரித்தான். "எண்ணே, எனக்கு நல்லாத்தாம்ணே தெரியுது. மைல்கல்லுல எழுதியிருக்கத பஸ்ஸுக்குள்ள இருந்தே வாசிப்பேன்."

"எனக்கும் நல்லாத்தாம்டே தெரிஞ்சுது," என்றேன். "இப்பவும் நேரா இருக்கது நல்லாத்தான் தெரியுது. மாடு நின்னது எனக்குத் தெரியல. ஒன் மதினி கைய ஒடிச்சது நாந்தான்."

 

"நாளைக்கே போறேன்," என்றான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சென்னை நிறுவனம் அடுத்த வேலை அனுப்பியிருக்கிறது. நீரிழிவுக்காரர்கள் கால்களைப் பராமரிப்பது எப்படி என்று. நான் வேலை செய்யும் முறையைப் பற்றி அவர்களுக்கு எழுதினேன். முறை எதுவானாலும் சரி, தேதிக்கு வந்தால் போதும் என்று பதில் வந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

சாயங்காலம் சங்கரலிங்கம் பேசினான். இரண்டு கண்ணிலும் அழுத்தம் அதிகமாம். வலது கண்ணில் ஓரமாக ஒரு சிறு இடம் மட்டும் கெட்டிருக்கிறது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றாராம் டாக்டர். தினமும் சொட்டு மருந்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை. அதைத் தவறாமல் செய்தால் பஸ் ஓட்டலாம் என்று சான்றும் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சொன்னாயா என்று கேட்டேன். அன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டானாம்.

நான் போனை வைக்கப் போகும்போது, "எண்ணே, ஒனக்கு எம்புட்டுத் தெரியுது?" என்று கேட்டான்.

டாக்டர் அளந்திருக்கிறார், படம் போட்டும் கொடுத்திருக்கிறார். ஆனால் இப்படி யாரும் கேட்டதில்லை. உலகுவும் கேட்டதில்லை. நாற்காலியில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தேன். அடுக்களை வாசலில் அவள் நின்றிருந்தாள். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நெற்றிப் பொட்டு தெரிந்தது, கண் தெரிந்தது, தாடை வரை தெரிந்தது. தோளைக் காணவில்லை. கதவையும் சுவரையும் காணவில்லை.

"ஒன் மதினி வாசல்ல நிக்கா," என்றேன். "மொகம் மட்டும் தெரியுது. சுத்தி ஒண்ணுமில்லடே."

 நான் பார்த்து முடிக்கும்வரை உலகு அசையாமல் நின்றாள்.